பீரங்கியில் பிறந்த மணிமுடி

மணிமுடி என்றதும் தங்கமும் வைரமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், செர்பிய மன்னர் முதலாம் பீட்டர் 1904 செப்டம்பர் 21 அன்று பெல்கிரேடில் சூடிய மணிமுடிக்கு மூலப்பொருள் ஒரு பழைய பீரங்கியின் வெண்கலம்!

அது சாதாரணப் பீரங்கி அல்ல. 1804-இல் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்து செர்பியர்களைத் திரட்டிப் போராடிய கராஜார்ஜேயின் பீரங்கி. அவருடைய பேரன்தான் பீட்டர். அந்தக் கிளர்ச்சியின் நூற்றாண்டிலேயே முடிசூட்டு விழா நடந்தது. பாரிஸின் புகழ்பெற்ற ஃபாலிஸ் நகைப் பட்டறை அந்த வெண்கலத்தைக் கொண்டு மணிமுடி செய்து, முலாம் பூசி, வண்ண எனாமல் வேலைப்பாட்டால் அழகுபடுத்தியது. கூடவே செங்கோல், உச்சியில் சிலுவை கொண்ட உருண்டை, அரச மேலங்கியைப் பூட்டும் கொக்கி ஆகியவையும் உருவாயின.

தாத்தா போர்க்களத்தில் முழங்க வைத்த உலோகம், பேரனின் தலையில் ஏறியது. எந்த வைரத்துக்கும் இல்லாத பெருமை இது!

பீட்டருக்குப் பின் அவர் மகன் அலெக்சாண்டரும், பேரன் இரண்டாம் பீட்டரும் அரியணை ஏறினார்கள். இருவருக்கும் முடிசூட்டு விழா நடக்கவில்லை. 1945-இல், செர்பியாவை உள்ளடக்கிய யூகோஸ்லாவியாவில் மன்னராட்சியே முடிவுக்கு வந்தது.

ஒரே ஒரு மன்னருக்குச் சூட்டப்பட்ட அந்த மணிமுடி, இன்று பெல்கிரேடில் உள்ள செர்பிய வரலாற்று அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.