கேம்ப்புக்கு வா என்றால் டீமுக்கு வா என்று அர்த்தமில்லை

இன்றைய எபிசோட் அமெரிக்க காலேஜ் பேஸ்பால் பற்றி. ஓடிடாதீங்க, ஆட்டத்தோட விதி எதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டாம். பதினாறு, பதினேழு வயசுப் பையனை ஒரு காலேஜ் டீமில் சேர்ப்பதற்கு அவனுடைய அப்பா அம்மா என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் கிளையன்ட் டீமில், டெக்சாஸில் ஒரு ஆர்க்கிடெக்ட் இருக்கிறார். அவர் மகன் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். ராத்திரி கால்ல மத்தவங்க ஜாயின் பண்ற வரைக்கும் கிடைக்கிற அஞ்சு நிமிஷத்துல, ஒரு வருஷமா அவர்கிட்ட இந்தக் கதையைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். "வேலை தேடுற மாதிரிதான். என்ன, இன்டர்வியூவுக்கு நாங்க காசு கட்டணும்" என்பார்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடுகிற பையன்கள் சுமார் 4.8 லட்சம். காலேஜ் விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதன் மூன்று டிவிஷன்களையும் சேர்த்தாலும் ஆடுகிறவர்கள் சில பத்தாயிரம் பேர்தான். டிவிஷன் 1, அதாவது டிவியில் வரும் பெரிய காலேஜ்கள், அங்கே போய்ச் சேர்வது நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். இது போக என்ஏஐஏ என்று இன்னொரு அமைப்பும், இரண்டு வருட ஜூனியர் காலேஜ்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போ மெயில் கதை. பையன் ஒன்பதாவது படிக்கும்போதே ஒரு காலேஜிலிருந்து மெயில் வந்திருக்கிறது. பெரிய லோகோ, கோச் பெயர், "உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் கேம்ப்புக்கு வா" என்ற வரி. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரம் பார்த்தால் அதே டீமில் முக்கால்வாசிப் பசங்களுக்கு அதே மெயில், பெயர் மட்டும் வேற. நம்ம பாஷையில் சொன்னால் மெயில் மெர்ஜ்.

இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. டிவிஷன் 1 பேஸ்பால் கோச் ஒருவர், பையன் பதினோராவது தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை அவனிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. 2023-ல் வந்த விதி இது. பையன் போன் பண்ணினாலும் அந்தப் பேச்சைப் பேச முடியாது. ஆனால் கேம்ப் அழைப்பும், விவரம் கேட்கும் படிவமும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆக, ஒன்பதாவது படிக்கிற பையனிடம் கோச் அமைதியாக இருந்தால் அது நிராகரிப்பு கிடையாது. அதே மாதிரி, மெயில் வந்தால் அது அழைப்பும் கிடையாது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதிக் குடும்பங்கள் ஏகப்பட்ட காசைக் கரைக்கிறாங்க என்பது என் கருத்து.

நண்பர் இதற்கு ஒரே ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறார்: இந்தக் கவனிப்புக்கு யார் செலவு பண்றா? கேம்ப் என்றால் குடும்பத்தின் செலவு. ஷோகேஸ் என்றால், அதாவது பசங்களை வரிசையாக நிறுத்தி 60 கஜம் ஓடவிட்டு, பந்து வேகத்தை ரேடார் கன் வைத்து அளந்து, அந்த எண்களை இணையத்தில் போடும் நிகழ்ச்சி என்றால், அதுவும் குடும்பத்தின் செலவு. காலேஜைச் சுற்றிப் பார்க்க நீங்களே காரை எடுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் 'அன்அஃபீஷியல் விசிட்'. காலேஜ் தன் காசில் பையனை வரவழைத்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டால்தான் 'அஃபீஷியல் விசிட்'. கோச் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து வேலியோரம் நின்று பார்த்தால், அது நிஜமான ஆர்வம். அவருடைய நேரம் செலவாகியிருக்கிறது அல்லவா?

அடுத்து பணம். ஸ்காலர்ஷிப் என்றதும் முழுப் படிப்பும் இலவசம் என்று நினைப்போம். அமெரிக்கன் ஃபுட்பாலில் அது பெரிய அளவில் உண்மை. பேஸ்பாலில் கதையே வேறு. நீண்ட காலமாக ஒரு டிவிஷன் 1 டீமுக்கு அனுமதிக்கப்பட்டது மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப். அந்தப் புள்ளி ஏழு எதுக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க. 27 பேர் வரை அதைப் பங்கு போடலாம் என்பது நெடுநாள் விதி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு சராசரி 43 சதவீதம். மிச்சத்தை வீட்டிலிருந்து கட்ட வேண்டும்.

2025 ஜூனில் ஹவுஸ் வழக்கு என்று சொல்லப்படும் வழக்கில் ஒரு சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த 11.7 எல்லை போய்விட்டது. பதிலாக டீமில் 34 பேர்தான் இருக்கலாம் என்ற எல்லை வந்தது. 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்க அனுமதி இருக்கிறது. கொடுக்க கையில் காசு இருக்கணுமே? பணக்கார டீம்களுக்கு இது வரம். மற்ற இடங்களில் பழைய பங்குக் கணக்கே ஓடலாம். ஆனால் இருக்கைகள் குறைந்தது மட்டும் நிச்சயம். அதற்கு முன்பு 40 பேர் வரை வைத்திருந்தார்கள்.

இருக்கை குறைந்த அதே நேரத்தில் வரிசையும் நீண்டுவிட்டது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பில் தகுதி இருந்தால் ஒரு வீரர் எத்தனை முறை காலேஜ் மாறினாலும் உடனே ஆடலாம். கோச் இடத்தில் இருந்து யோசிங்க. ஒரு பக்கம் பதினேழு வயசுப் பையன், பள்ளிக்கூட மேட்ச் எண்கள் மட்டும்தான் இருக்கு. இன்னொரு பக்கம் இருபத்தோரு வயசுக்காரன், காலேஜ் மட்டத்தில் இரண்டு வருஷம் ஆடிக் காட்டியவன். ஐடியில் இருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கேம்பஸ்ல ஃப்ரெஷரை எடுத்து ஆறு மாசம் ட்ரெய்னிங் கொடுக்கிறதா, இல்லை நாளைக்கே கோட் எழுதுற லேட்டரல் ஆளை எடுக்கிறதா?

இங்கேதான் நான் கொஞ்சம் உதவினேன். காலேஜ் டீம்களின் வெப்சைட்டில் ஒவ்வொரு வருட வீரர் பட்டியலும் இருக்கும். எந்த ஊர், எந்த வருடம் படிக்கிறான், இதற்கு முன் எங்கே படித்தான், எல்லாமே. நண்பரிடம் பேசிக்கொண்டிருந்த காலேஜ்களின் பட்டியலை மூன்று வருடத்துக்கு எடுத்து ஒரு ஷீட்டில் போட்டோம். பள்ளியிலிருந்து நேராக வந்த பிட்சர்கள் எத்தனை பேர்? அவர்களில் இரண்டாவது வருடமும் அதே பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை? வேறு காலேஜிலிருந்து வந்தவர்கள் எத்தனை? போனில் "எங்களுக்கு இளம் பசங்கதான் உயிர்" என்ற ஒரு கோச்சின் பட்டியலில், புதிதாக வந்த பிட்சர்களில் பெரும்பாலோர் வேறு காலேஜிலிருந்து மாறி வந்தவர்கள். நண்பர் சத்தம் போட்டுச் சிரித்தார். பெயர் வேண்டாம்.

இன்னொன்று, வாய்ச்சொல். கோச் "உனக்கு இடம் உண்டு" என்கிறார், பையன் "வருகிறேன்" என்கிறான், சோஷியல் மீடியாவில் போஸ்டரும் போட்டாகிவிட்டது. இது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு கையெழுத்துத் தாள் இருந்தது. 2024 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எழுத்தில் இருக்கும் நிதியுதவி ஒப்பந்தம்தான் ஆதாரம். அதில் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எந்தச் சூழலில் நிற்கும் என்று படிக்க வேண்டியது அப்பா அம்மாதான். பதினேழு வயசுப் பையன் பார்ப்பது லோகோவை.

ஜூனியர் காலேஜை நம்ம ஆட்கள் மட்டமாக நினைப்பார்கள், அமெரிக்கப் பெற்றோரும் அப்படித்தான். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியை சீக்கிரம் முடித்துக்கொண்டு ஒரு ஜூனியர் காலேஜில்தான் ஆடினார், 2010 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். நான்கு வருட காலேஜில் சேர்ந்தால் பொதுவாக மூன்றாவது வருடம் முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஜூனியர் காலேஜில் அந்தக் காத்திருப்பு கிடையாது. எல்லாரும் ஹார்ப்பர் ஆக முடியாதுதான், ஆனால் செலவு குறைவு, ஆட நிறைய வாய்ப்பு. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கான ஸ்காலர்ஷிப்பே கிடையாது, மார்க்குக்கு உதவித்தொகை உண்டு. மார்க் எங்கேயும் முக்கியம். டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்களும், அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ-வும் வேண்டும்.

கடைசியாக, நண்பர் தூக்கம் கெட்ட விஷயம். கை. வேகமாக வீசினால்தான் ரேடார் கன் பேசும், கோச் திரும்பிப் பார்ப்பார். அதனால் பசங்க வருஷம் முழுக்க முழு வேகத்தில் வீசுகிறார்கள். முழங்கை நரம்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதாவது ரெக்ரூட்டிங் காலம் மொத்தமும் போச்சு. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில், 17, 18 வயதில் ஒரு நாளைக்கு 105 பந்துக்கு மேல் கூடாது. வருடத்தில் நான்கு மாதம் போட்டியில் வீசவே கூடாது, அதிலும் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எறிதலே வேண்டாம்.

இந்த அக்டோபரில் ஒரு பெரிய ஷோகேஸ் வந்தது. பையன் கோடை முழுக்க வீசியிருந்தான். மற்ற எல்லோரும் போகிறார்கள். நண்பர் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். பையன் மூணு நாள் அவர்கிட்ட பேசலை. அம்மா வழியாத்தான் கார் சாவி கேட்டிருக்கான். ஜனவரியில் மெதுவாக வீச ஆரம்பித்தான். இப்போது இரண்டு டிவிஷன் 2 காலேஜும் ஒரு ஜூனியர் காலேஜும் பேசிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று தன் செலவில் வரச் சொல்லியிருக்கிறது. மார்ச்சில் போகிறார்கள். பட்டியல் ஷீட்டை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாராம்.

இதில் சந்தேகம் இருந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.