திண்டிவனத்தைவிடச் சின்ன நாடு... ஐரோப்பாவையே அசத்திய கதை!

ஈ.சி.ஆரில் மரக்காணத்தைக் கடக்கிறவர்களின் கண்ணில் முதலில் படுவது உப்பளம்தான். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீர், வரப்போரம் குவித்து வைத்த வெள்ளை உப்பு, வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிடத் துடிக்கும் ஆட்கள். மழைக்காலம் வந்தால் அந்த வேலையும் நின்றுவிடும். பக்கத்துக் குப்பங்களில் மீன்பிடி. சாயங்காலமானால் மணலில் இரண்டு கம்பை நட்டு, வலையைக் கட்டி வாலிபால்.

மீனை நம்பி வாழும் இப்படிப்பட்ட ஒரு கடற்கரையிலிருந்து, ஐரோப்பாவின் பெரிய அணிகளோடு மோத ஓர் அணி கிளம்புமா? கிளம்பியிருக்கிறது. மரக்காணத்திலிருந்து அல்ல, அட்லாண்டிக் கடலின் வட கோடியில் இருக்கும் ஃபரோ தீவுகளிலிருந்து.

மொத்தம் 18 தீவுகள். மக்கள்தொகை சுமார் 54,000. மரக்காணத்துக்காரர்கள் சாமான் வாங்கப் போகும் திண்டிவனத்திலேயே, 2011 கணக்கெடுப்பின்படி 72,000 பேருக்கு மேல் இருந்தார்கள்! டென்மார்க் அரசுக்கு உட்பட்ட பகுதி என்றாலும் விளையாட்டில் ஃபரோவுக்குத் தனி அணி உண்டு. ஏற்றுமதி என்றால் கிட்டத்தட்ட எல்லாமே மீன்தான். காற்றும் மழையும் ஓயாத ஊர் என்பதால், கூரைக்குக் கீழே ஆடும் ஹேண்ட்பால் அங்கே வீட்டுக்கு வீடு பிரபலம்.

ஹேண்ட்பாலா, அது வாலிபால்தானே என்று கேட்பவர்கள் நம்மிடம் அதிகம். 'கைப்பந்து' என்ற பெயரை வாலிபால் எப்போதோ எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. கால்பந்தைக் கையால் ஆடினால் எப்படி இருக்கும், அதுதான் ஹேண்ட்பால். பக்கத்துக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மைதானம், அரை மணி நேரமாக இரண்டு பாதி. கோல் கம்பத்தைச் சுற்றி ஆறு மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பர் மட்டுமே நிற்கலாம். அதனால் அடிக்கிறவர் கோட்டுக்கு வெளியிலிருந்து எகிறிக் குதித்து, காலைத் தரையில் வைப்பதற்குள் பந்தை விட்டெறிய வேண்டும்.

இந்த விளையாட்டில் சின்ன நாடுகளுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. டென்மார்க், பிரான்ஸ் மாதிரி அணிகளிடம் சிக்கினால் இருபது, முப்பது கோல் வித்தியாசத்தில் தோற்க வேண்டியதுதான். அப்படித் தோற்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அடுத்த முறை வர மனசு வராது, அவ்வளவுதான். இதற்காகத்தான் சர்வதேச ஹேண்ட்பால் சம்மேளனம், வளரும் நாடுகளுக்கென்றே ஒரு சாம்பியன்ஷிப்பை 2015-ல் தொடங்கியது. சம பலம் உள்ளவர்களோடு மோதலாம், ஜெயிக்கலாம், கோப்பையும் தூக்கலாம்.

முதல் போட்டி கொசோவோவில் நடந்தது. கோப்பை ஃபரோவுக்கு. 2017-ல் பல்கேரியாவில் நடந்தபோதும் ஃபரோதான். 2019-ல் போட்டியை நடத்திய ஜார்ஜியா ஜெயித்தது.

இது சும்மா ஆறுதல் பரிசு என்று கேலி செய்தவர்கள் 2024 ஜனவரியில் வாயடைத்துப் போயிருப்பார்கள். ஜெர்மனியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் முதன்முறையாகக் கால் வைத்தன ஃபரோவும் ஜார்ஜியாவும். அணிகளின் எண்ணிக்கையை 16-லிருந்து 24 ஆக்கியதும் கைகொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், உள்ளே வந்த பிறகு ஆடியது அவர்கள்தானே? ஜார்ஜியா, போஸ்னியாவை வீழ்த்தியது. ஃபரோ, இரண்டு முறை உலகக் கோப்பை இறுதிப் போட்டி வரை போன நார்வேயிடம் கடைசி நிமிடத்தில் பின்தங்கி நின்றது. முடியும் நொடிகளில் எலியாஸ் எலெஃப்சென் அடித்த கோலில் 26-26 என்று சமன்! ஜெயித்ததுபோல அரங்கம் அதிர்ந்தது. அந்தப் போட்டிகளைப் பார்க்க பெர்லினுக்கு வந்திருந்த ஃபரோக்காரர்கள் மட்டும் 5,000 பேருக்கு மேல். ஊரில் பத்துப் பதினொரு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் கடைசியில் அவர்களுடைய பெண்கள் அணியும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஆடியது.

நம் கதை? 140 கோடிப் பேர் இருந்தும் ஒலிம்பிக் ஹேண்ட்பாலில் இந்தியா ஆடியதே இல்லை. ஆனால், 2022 மார்ச்சில் கஜகஸ்தானில் நம் ஜூனியர் பெண்கள் ஆசிய சாம்பியன் ஆனார்கள். இறுதிப் போட்டியில் தாய்லாந்தை 41-18 என்று புரட்டியெடுத்தார்கள். கிரிக்கெட் செய்திகளுக்கு நடுவில் அது எத்தனை பேர் காதில் விழுந்தது என்பது வேறு விஷயம்.

மரக்காணம் மாதிரி ஊர்களுக்குத் தோதான இன்னொரு வடிவமும் இருக்கிறது: பீச் ஹேண்ட்பால். இதற்கு அரங்கமும் வேண்டாம், கூரையும் வேண்டாம். 27 மீட்டருக்கு 12 மீட்டர் மணல், பக்கத்துக்கு நான்கு பேர், வெறுங்கால். அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி கோல் அடித்தால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. 2008-லிருந்து ஆசிய கடற்கரை விளையாட்டுப் போட்டிகளிலும் இது இருக்கிறது. வாலிபாலில் எகிறி எகிறி ஸ்மாஷ் அடித்துப் பழகிய குப்பத்துப் பசங்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குதியை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடு போடக் கயிறு, இரண்டு கோல் கம்பம், ஒரு பந்து, விதி தெரிந்த ஒரு பி.டி. மாஸ்டர். மணல் ஏற்கெனவே இருக்கிறது.