துளிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, தாளின்மேல் இரும்புத்தூளைத் தூவி அடியில் காந்தத்தை நகர்த்தி விளையாடுவோம். இன்று ஈசூனில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் நான், இறுதியாண்டு ஆய்வில் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

தூளுக்குப் பதில் சிலிக்கா பூசிய காந்த மணிகள். தனி மணி கண்ணுக்கே தெரியாது. தகுந்த உப்புக்கரைசலில் கிருமியின் மரபணு சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் மணிகளைப் பிடித்து நிறுத்தி, சளி, புரதம் முதலியவற்றைக் கழுவிவிட்டு, உப்புக் குறைந்த நீரில் மரபணுவை விடுவிக்கலாம்.

புவன விஸ்தாவின் பயோபோலிஸில் யூர்கன் பிப்பர் குழுவினர் இதை ஒரே துளிக்குள் செய்து காட்டி, 2007இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டனர். காந்தம் இழுக்க, மணிகளோடு துளியும் நகர்ந்தது. குழாய் இல்லை, விசைக்குழாய் இல்லை. தொண்டை மாதிரியிலிருந்து எச்5என்1 பறவைக் காய்ச்சல் கிருமியைக் கண்டுபிடிக்க 28 நிமிடங்கள்கூட ஆகவில்லை!

அப்படியானால் சிக்கல் எங்கே? ஒரு மில்லிலிட்டர் மாதிரியில் பத்தே கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூறில் ஒரு பங்கை மட்டும் சில்லுக்குள் விட்டால், பத்தில் ஒன்பது தடவை ஒன்றுமே சிக்காது. 2020இல் மாமாவுக்கு முதல் பரிசோதனையில் கோவிட் 'இல்லை'. மூன்று நாள் கழித்து 'உண்டு'. அதற்குள் பாட்டிக்கும் தொற்றிவிட்டது. காரணம் பல இருக்கலாம். ஆனாலும் அந்த 'இல்லை' என் மனத்தை விட்டு அகலவில்லை.

மாதிரி முழுவதையும் சில்லின் வழியே செலுத்த வேண்டும். கால்வாயைப் பெரிதாக்கினால் போதும் என்று நினைத்து ஐந்து மடங்கு ஆழமாக்கினேன். பாதி மணிகள் ஓடிப்போயின. தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பிடி வெகுவேகமாகத் தளரும் என்பதைத் தாள்மேல் விளையாடிய காலத்திலேயே கவனித்திருக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைத்தாலோ, நேரம் மிச்சமாவதில்லை.

எனவே கால்வாயைப் பெரிதாக்காமல், அதே அளவில் பலவற்றை அடுக்குவதே வழி. மரக்கிளைபோல் இரண்டு, நான்கு, எட்டு எனப் பிரித்தேன். சொல்ல எளிது. ஒரு கிளையைக் காற்றுக்குமிழி அடைத்தால், திரவம் மற்றவற்றில் வேகமாகப் பாய்ந்து, பிடித்து வைத்த மணிகளையும் அடித்துச் சென்றுவிடும்.

இப்போது எட்டில் ஆறு ஒழுங்காக ஓடுகின்றன. மற்ற இரண்டில் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.