யாழ்ப்பாண நகரின் பாடசாலைகள்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி மிஷன் பள்ளிகளோடு வேரூன்றியது. மெதடிஸ்த மிஷனரிமார் 1816இல் தொடங்கிய பள்ளியே இன்றைய யாழ் மத்திய கல்லூரி. ஆங்கிலிக்க மிஷன் 1823இல் நல்லூரில் ஆரம்பித்த செமினரி பின்னர் சுண்டிக்குளியில் பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரி 1850இல் தோன்றியது. பெண்களுக்கு வேம்படி மகளிர் பாடசாலை அமைந்தது.

மத்திய கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், மிஷனரி பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். மிஷன் பள்ளியை உள்ளிருந்து அறிந்த அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஆங்கிலமும் வேண்டும், சைவமும் வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்துக்கு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி விடையானது. சைவபரிபாலன சபை 1890இல் அதனைப் பொறுப்பேற்றது.

1960களின் தொடக்கத்தில் அரசு பெரும்பாலான பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் பரி. யோவான், பத்திரிசியார் கல்லூரிகள் தனியார் பாடசாலைகளாகவே நீடித்தன. மத்திய கல்லூரிக்கும் பரி. யோவானுக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. ‘வடக்கின் சமர்’ எனப்படும் அப்போட்டியைக் காண ஊரே திரளும்.