வானத்துக் கண்கள் – 7: பனிமேல் ஒரு பழுப்புக் கறை

வெள்ளைத் தாளில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை. பீட்டர் ஃபிரெட்வெல் அதைக் கவனித்தபோது பறவைகளைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அண்டார்டிகாவில் பறக்கும் விமானிகளுக்கு வரைபடம் தயாரிப்பதற்காக, பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயில் உட்கார்ந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறைந்த கடலின் மேல் செம்பழுப்பாக ஏதோ தெரிந்தது. பேரரசப் பென்குயின்கள் கூடுவதாக ஏற்கெனவே தெரிந்திருந்த இடம் அது. கறை, அவற்றின் எச்சம்.

நிலத்தில் இப்படி ஒரு கறையைக் கண்டால் பாறையா, மண்ணா, பாசியா என்று பல சந்தேகங்கள் வரும். கடற்பனியில் பாறையும் இல்லை, மண்ணும் இல்லை. பனி நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். எச்சம் படிந்த பனி நீலத்தை விழுங்கிவிடும். படத்தின் நீலத்தையும் சிவப்பையும் கணினியில் ஒப்பிட்டால் கறை தனியாகத் துலங்கிவிடுகிறது. லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டர் அகலம். ஒரு மீட்டருக்குச் சற்றே அதிக உயரமுள்ள பறவை அதில் தெரியவே தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் கூடி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் பறவை அது. மே, ஜூனில் முட்டையிட்டுவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். தந்தை முட்டையைப் பாதத்தின் மேல் ஏந்தி, இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டினியாக நிற்கும். பனி அழுக்காகாமல் என்ன செய்யும்?

இதே பறவையின் முட்டைக்காக 1911-ஆம் ஆண்டின் நடுக்குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கெரார்ட் என்ற மூவர் சூரியனே உதிக்காத இருட்டில் ஸ்லெட்ஜ் இழுத்துக்கொண்டு கேப் குரோஸியருக்குப் போனார்கள். போகவர ஐந்து வாரம். பல் நொறுங்கும் குளிரில் அவர்கள் கொண்டுவந்தது மூன்று முட்டைகள்.

கறையை வைத்தே, 2009-இல் ஃபிரெட்வெல்லும் அவருடன் ஆய்ந்த ஃபில் டிராதனும் கண்டத்துக் கரையோரத்தின் பெரும்பகுதியை அலசி 38 குடியிருப்புகளைக் காட்டினார்கள். அவற்றில் 10 யாரும் அறியாதவை. 2012-இல், இன்னும் துல்லியமான படங்களைக் கொண்டு எண்ணியபோது 46 குடியிருப்புகள், சுமார் 5,95,000 பறவைகள் என்று தெரிந்தது. முன்பு நினைத்திருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் வந்த பிறகு பட்டியல் மேலும் நீண்டு 66-ஐத் தொட்டிருக்கிறது.

எண்ணிக்கை கூடியதை விட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. இந்தப் பறவையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிரெஞ்சுத் தளமான டுமான் டுர்வீலை ஒட்டிய ஒரே ஒரு குடியிருப்பிலிருந்து வந்தது. 1970-களின் கடைசியில் அங்கே பறவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பென்குயின் பிறந்த இடத்துக்குத்தான் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்ததால், குறைந்தவை செத்துவிட்டன என்றே கொள்ளப்பட்டது. 2014-இல் மிஷெல் லரூவும் உடன் ஆய்ந்தவர்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்து வேறொரு கேள்வி கேட்டார்கள்: சில வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தால்?

அந்தக் கேள்விக்கு ஹாலி விரிகுடாவில் பதில் கிடைத்தது. அப்போது உலகின் இரண்டாவது பெரிய குடியிருப்பு அது. 2016 அக்டோபரில் பனி உடைந்தது. குஞ்சுகளின் உடம்பில் அப்போது பஞ்சு போன்ற தூவிதான். அதில் தண்ணீர் ஏறிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் அழிந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதே கதை. ஆனால் தெற்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கும் டாசன்-லாம்டனில் கறை பெரிதாகிக்கொண்டே போனது. பெற்றோர்களில் பல பனி உறுதியாக இருந்த இடம் தேடிப் போயிருந்தன. ஹாலியில் மட்டும் ஒருவர் நின்று பார்த்திருந்தால் எல்லாம் முடிந்தது என்று எழுதியிருப்பார். ஒரு புள்ளியைச் சுற்றி வேலி போட்டு இந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது. அது நகர்ந்து போகக்கூடிய கரை முழுவதையும் கணக்கில் வைத்துத்தான் கோடு கிழிக்க வேண்டும். இதைச் சொல்லும் ஆதாரம் மேலிருந்துதான் வந்தது.

நகர்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் ஐந்து குடியிருப்புகளில் நான்கில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்துபோனது. வாரம் வாரம் எடுத்த படங்களில் ஒன்றில் கறை இருக்கிறது. அடுத்த படத்தில் கறை இருந்த இடத்தில் கருநீலத் தண்ணீர். அந்தப் படங்களை என்னால் வேகமாகக் கடந்து போக முடியவில்லை. ஒரு வட்டாரம் முழுவதிலும் பனி உடைந்தால் பறவை எங்கே போகும்? பெல்லிங்ஸ்ஹாசன் கடலிலிருந்து அண்டார்டிக் தீபகற்பம் வழியாக வெடெல் கடல் வரையான 16 குடியிருப்புகளில், 2009-க்கும் 2024-க்கும் இடையே எண்ணிக்கை 22 சதவீதம் சரிந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இந்தக் கணக்குகள் காகிதத்தில் மட்டும் தங்கிவிடவில்லை. எங்கே எத்தனை குடியிருப்பு என்ற பட்டியலையும் கடற்பனிக் கணிப்பையும் சேர்த்துப் பார்த்த ஸ்டெஃபனி ஜெனூவ்ரியே குழு, பசுமை இல்ல வாயு வெளியேற்றம் அப்போதைய போக்கிலேயே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிவின் விளிம்புக்கு வரும் என்று 2021-இல் எழுதியது. 2022 அக்டோபரில் அமெரிக்கா இப்பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு பெர்லினில் கூடிய அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளால், அதைச் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற இனமாக்கும் முடிவை எடுக்க முடியவில்லை. அங்கே எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் தள்ளிப்போடுவதை நான் ஏற்கவில்லை. ராஸ் கடலில் 2016-இல் இதே ஒருமித்த முடிவு சாத்தியமானது, 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் காப்புப் பகுதியானது. அங்கு முடிந்தது.

குளிர்காலத்தில் இந்தச் செயற்கைக்கோள்களுக்கும் வெளிச்சம் இல்லை. ஆகஸ்டில் சூரியன் திரும்பியதும் முதல் படங்கள் வரும். கறை இருக்கிறதா என்று பார்த்த கையோடு, அதிலிருந்து பனியின் விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். குஞ்சுகள் கடலில் இறங்க டிசம்பர் வரவேண்டும். அதற்கு இன்னும் நான்கு மாதம்.

(தொடரும்)