மூக்கை மட்டும் நம்பாதீங்க பாஸ்!

பெங்களூருல ப்ராஜெக்ட், புனேவுல இன்டர்ன்ஷிப்னு பெட்டி கட்டுற மக்களே... ரூம் பார்க்கப் போனா ஓனர்கிட்ட என்ன கேப்பீங்க? வாடகை, அட்வான்ஸ், வைஃபை. கூடவே இதையும் கேளுங்க: ‘பாத்ரூம்ல இருக்கிறது கரன்ட் கீசரா, கேஸ் கீசரா?’

கேஸ்னா கொஞ்சம் உஷார். சிலிண்டர்லேர்ந்து ஒரு டியூப், பெட்டிக்குள்ள பர்னர், அதுக்கு மேல தண்ணி ஓடுற குழாய். இவ்வளவுதான் மேட்டர். பைப்பைத் திறந்தா பேட்டரி ஸ்பார்க்ல தானா பத்திக்கும். வாளி டக்குனு நிறையும், கரன்ட் பில்லும் கையைக் கடிக்காது. ஆனா, லீக் ஆனா?

‘வாசனை வருமே’னு சொல்வீங்க. எல்.பி.ஜி.க்கு சொந்தமா வாசனையே கிடையாது. அந்த அழுகல் நாத்தம், எத்தில் மெர்காப்டன்னு ஒரு கெமிக்கலை வேணும்னே கலக்கிறதால வருது. 1937-ல அமெரிக்காவின் டெக்சாஸ்ல, நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துல வாசனையே இல்லாத இயற்கை எரிவாயு கசிஞ்சு வெடிச்சது. சுமார் 300 பேர் பலி. பெரும்பாலும் ஸ்டூடன்ட்ஸ். அதுக்கு அப்புறம்தான் டெக்சாஸ்ல வாசனை கலந்தே ஆகணும்னு சட்டம் போட்டாங்க. நமக்குப் பிரச்னை என்னன்னா, சளி பிடிச்சா மூக்கு லீவு போட்டுடும். அதோட எல்.பி.ஜி. காத்தை விட கனம். தரையோட தரையா போய்த் தேங்கும்.

அதனால சோப்புத் தண்ணி டெஸ்ட். பாத்திரம் கழுவுற லிக்விடைத் தண்ணியில கலந்துக்குங்க. கீசர் ஆஃப்ல, ரெகுலேட்டர் ஆன்ல இருக்கணும். ரெகுலேட்டர் மாட்டுற இடம், டியூபோட ரெண்டு முனை, கீசருக்கு அடியில இருக்கிற நட், எல்லாத்துலயும் பழைய பிரஷ்ஷால தடவிட்டு ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. குமிழி முட்டை முட்டையா ஊதிக்கிட்டே வந்தா லீக்! தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற ஹீரோயிசம் வேண்டவே வேண்டாம். டியூப்ல வெடிப்பு இருக்கா, அஞ்சு வருஷம் தாண்டிடுச்சான்னும் பாருங்க. தாண்டியிருந்தா மாத்திடுங்க.

லீக் தெரிஞ்சா ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறங்க. எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க... போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துதான். வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க.

சோப்பு நுரையில சிக்காத வில்லன் ஒருத்தன் இருக்கான். கார்பன் மோனாக்சைடு. லீக்கே இல்லைன்னாலும், மூடின பாத்ரூமுக்குள்ள பர்னர் எரிஞ்சு ஆக்சிஜன் குறையக் குறைய இது உருவாகும். நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இதை 200 மடங்குக்கும் மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்... அப்புறம் மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் வேற போட்டிருப்பீங்க!

கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயே மாட்டியிருந்தா வெளியே மாத்தித் தரச் சொல்லுங்க. தீ நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஓனர் இழுத்தடிக்கிறாரா? அதுவரைக்கும் கீசரைப் போட்டு வாளியில வெந்நீர் பிடிச்சு, அணைச்சுட்டு, கதவைத் திறந்து வெச்சு காத்தோட்டம் வந்த பிறகு குளிக்கப் போங்க. ரூம்மேட் உள்ளே போய் ரொம்ப நேரமா சத்தமே இல்லைன்னா கதவைத் தட்டுங்க. திட்டினா திட்டட்டும்.