ஒரே ஒரு மின்தேக்கி வாங்குவது எப்படி?



எங்கள் வீட்டில், அம்மா அறையில் இருக்கும் நிற்கும் காத்தாடி ஒருநாள் சுற்றவில்லை. சுவிட்சைப் போட்டால் 'உம்ம்'னு சத்தம் மட்டும் வந்தது. "புதுசு வாங்கிடலாம்மா" என்றேன். "உங்கப்பா வாங்கினது. ஒருதடவை பார்க்கலாமே" என்றார்.

பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். இலகுவாகச் சுற்றியது. ஆகவே தண்டு இறுகவில்லை. சந்தேகம் மின்தேக்கி மீது திரும்பியது. கெப்பாசிட்டர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சொல்லிலேயே பொருள்

பிடோக் நீர்த்தேக்கம் நீரைத் தேக்குகிறது. மின்தேக்கி மின்னூட்டத்தைத் தேக்குகிறது. இந்த வகைக் காத்தாடி மோட்டாரில் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்னோட்டம் ஏறி இறங்கினால் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. ஒரு சுருளில் அந்த ஏற்ற இறக்கத்தைச் சற்று முன்கூட்டியே நிகழச் செய்வது மின்தேக்கியின் வேலை. அது பலவீனமானால் மோட்டார் உறுமும், சுற்றாது.

கடையில் கற்ற பாடம்

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர் வரும். சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம், குழம்பிவிடாதீர்கள். மின்னணு உதிரிப் பாகங்களை அங்கே ஒன்றிரண்டாகவும் வாங்கலாம்.

"காத்தாடிக்கு ஒரு கெப்பாசிட்டர் வேணும்" என்று கேட்டேன். "எத்தனை மைக்ரோஃபாரட்? எத்தனை வோல்ட்?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். பதில் தெரியவில்லை. 'தெளிவா எழுதுங்க' என்று வகுப்பில் தினமும் சொல்கிற நான் வெறுங்கையோடு திரும்பினேன்!

வீட்டில் பழைய மின்தேக்கியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்:

1. 1.2 மைக்ரோஃபாரட்: தேக்கும் அளவு. புதியதிலும் இதே எண் இருக்க வேண்டும்.
2. 450 வோல்ட் ஏசி: தாங்கும் மின்னழுத்தம். இதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.
3. சிபிபி61: வகை. கூட்டல், கழித்தல் குறியுள்ள உருளை வடிவ மின்தேக்கி நேர்மின்னோட்டத்துக்கானது. அதை இங்கே மாட்டினால் வெடிக்கலாம்.

மறுமுறை பழையதையே கையில் கொண்டுபோனேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. செலவு சில வெள்ளிதான்.

எச்சரிக்கை: பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதன் கம்பி முனைகளைத் தொடாதீர்கள். மாணவர்கள் தனியாகத் திறக்கவே வேண்டாம், விவரம் தெரிந்த பெரியவர் செய்யட்டும். கூரைக் காத்தாடி என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

பழுதான பொருள் ஒன்றை மாணவர் மனத்தில் நினைத்துக்கொள்ளட்டும். கடைக்காரரிடம் கேட்பதுபோல் ஐந்து வாக்கியங்களில் அதன் பாகத்தை விவரிக்கட்டும். கைச்சாடை கூடாது. 'அந்தச் சாமான்', 'இந்த மாதிரி' போன்ற சொற்களும் கூடாது. அளவு, வகை, பொருந்தும் இடம் மூன்றும் வர வேண்டும். கேட்கும் மாணவர் அதை வரைந்து காட்டட்டும். படம் தவறினால், விளக்கத்தில் எது விடுபட்டது என்று இருவரும் சேர்ந்து தேடட்டும். வாய்மொழித் தேர்வுக்கும் இது நல்ல பயிற்சி.

அம்மா அறையில் காத்தாடி இப்போது சுத்துது.